பாம்படத்தை உருக்குவதற்கு முன்னால்: நகைக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய நகை வாங்கும் அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். எங்கள் ஆச்சி இறந்து 3 மாதம் கழித்து, அவள் காதில் தொங்கத் தொங்கப் போட்டிருந்த பாம்படத்தை விற்க அம்மாவோடு நானும் போயிருந்தேன். எந்தக் கடை என்பது வேண்டாம். மேசையில் இருந்தவர் உரசிப் பார்த்தார், ஓரத்தைக் கத்தரியால் வெட்டினார், உள்ளேயிருந்து கருஞ்சிவப்பாக அரக்கு பொடிந்து விழுந்தது. "பாதி அரக்குதாம்மா" என்றார். அவர் மேல் தப்பில்லை, தங்கத்துக்குத்தானே அவர் விலை போட முடியும். ஆனால் அந்த அரக்கில்தான் நகையின் சூட்சுமமே இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாம்படம் வார்ப்பு நகை இல்லை. மெல்லிய தங்கத் தகட்டைத் தட்டி, உருண்டையும் சதுரமும் முக்கோணமுமாக மடக்கிப் பற்றவைத்து, தகடு நசுங்காமலிருக்க உள்ளே அரக்கை நிரப்பிச் செய்தது. முழுக்கத் தங்கத்தில் வார்த்தால் எந்தக் காது தாங்கும்? படமெடுத்த பாம்பு அது என்பாள் ஆச்சி. சின்ன வயதில் உற்று உற்றுப் பார்ப்பேன், கண்ணும் இருக்காது, நாக்கும் இருக்காது. அவள் தலையாட்டிப் பேசும்போது தள்ளி நின்று பார்த்தால் தோளுக்கு மேலே பாம்பு ஆடும். பாம்பை அப்படியே செதுக்காமல் வெறும் கட்டங்களை வைத்தே அதை ஆடவிட்ட ஆசாரி எப்பேர்ப்பட்ட கைக்காரர்!

அதை மாட்டுவதற்காகச் சிறுபிள்ளையிலேயே காது குத்தி, பஞ்சு, ஓலைச்சுருள், அப்புறம் கனமான ஈயக் குணுக்கு என்று மாட்டி மாட்டித் துளையைப் பெரிதாக்கிக் காதை வளர்த்தார்கள். பிறகு அது நாகரிகமில்லை என்றாகி, திருநெல்வேலி, மதுரைப் பக்கமெல்லாம் எத்தனையோ பெண்கள் வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். சரி, அந்த வலி எந்தப் பிள்ளைக்கும் திரும்ப வேண்டாம். உருவமாவது மிஞ்சட்டும்.

அதனால் கேட்கிறேன், உருக்குவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். முன்னால், பின்னால், அடியில் என்று படம் எடுங்கள், அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், கொண்டுவந்தவரிடம் அதற்கு அவர்கள் வீட்டில் என்ன பெயர் என்று கேளுங்கள். தண்டட்டி, கொப்பு, முருகு, எதிர்த்தட்டு என்று எத்தனை காது நகைகள். பூச்சிக்கூடு என்றுகூட ஒரு நகைக்குப் பெயர் உண்டு, எவ்வளவு அழகான பெயர்! அதையெல்லாம் பார்த்ததும் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் உங்களிடம் வேலை செய்யும் பத்தரிடம் அந்தப் படத்தைக் கொடுத்து, சாதாரணக் காதுத் துளையில் மாட்டுகிற மாதிரி வெள்ளியில் சின்னதாக ஒரு ஜோடி செய்யச் சொல்லுங்கள். தகடும் அரக்கும் வைத்துத்தான், அச்சில் வார்க்க வேண்டாம். வார்த்தால் கனம் கூடிவிடும், காதில் அந்த ஆட்டம் இருக்காது. செய்தால் முதல் ஆளாக நான் வந்து வாங்குவேன்.

ஆச்சியின் பாம்படத்துக்கு எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு கல்யாணப் படம் மட்டும்தான். அதில் அவள் ஓரமாக நிற்கிறாள், பாதிக் காதுதான் தெரிகிறது.

இப்படிக்கு,
ஆச்சியின் பேத்தி