1.8 மீட்டர் சுழலியில் 2 கிலோவாட்: வீட்டுக் காற்றாலை குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: தவறாகத் தேர்ந்து கொடுத்த காற்றாலை, பாதுகாப்பற்ற கன்ட்ரோலர். பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். "2 கிலோவாட், 48 வோல்ட்" என்று உங்கள் நிறுவனம் விற்ற மூன்று இறக்கைக் காற்றாலை இந்த வீட்டுக்குப் பொருந்தாதது. பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த கூடவே வந்த சார்ஜ் கன்ட்ரோலர் ஆபத்தானது. ஆகவே காற்றாலையைப் பிரேக் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்கள் சேவைப் பிரிவோ "உங்கள் இடத்தில் காற்று போதவில்லை" என்று ஒரே வரியில் பதில் அனுப்பி முடித்துக்கொண்டது. இடத்தின் காற்றைப் பார்த்து மாடலைத் தேர்ந்து கொடுத்ததே உங்கள் விற்பனைப் பிரிவுதான். அதனால் அந்தப் பதிலை ஏற்க முடியாது.

முதலில் அந்த 2 கிலோவாட். வந்து சேர்ந்த சுழலியின் விட்டம் 1.8 மீட்டர், அதாவது அது சுற்றும் வட்டத்தின் பரப்பு 2.54 சதுர மீட்டர். விளம்பரத்தில் உள்ளபடி வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அந்த வட்டத்தைக் கடக்கும் காற்றின் மொத்தத் திறனே சுமார் 2,690 வாட். எப்பேர்ப்பட்ட சுழலியாலும் அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. பெட்ஸ் வரம்பு என்று இதைக் காற்றாலைத் துறையில் எல்லோரும் அறிவார்கள். அந்த வரம்புப்படி பார்த்தால்கூட 1,600 வாட்டைத் தொடாது. ஜெனரேட்டர், ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக மாற்றும் கருவி) இழப்புகள் போக, நல்ல சிறிய காற்றாலையில் 25 முதல் 30 சதவீதம் கிடைக்கும். அது 670 முதல் 800 வாட். எனவே உங்கள் 2 கிலோவாட் அந்த 12 மீட்டர் காற்றில் அளந்து எழுதிய எண்ணாக இருக்க முடியாது. ஜெனரேட்டர் தாங்கும் உச்சத்தைக் காற்றாலையின் திறன் என்று அச்சிட்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

"வினாடிக்கு 1.5 மீட்டர் காற்றிலேயே சுழலும்" என்ற வரியும் அப்படித்தான். அந்தக் காற்றில் இந்த வட்டத்துக்குள் இருப்பதே 5 வாட். சுழல்வது கண்ணுக்குத் தெரியும், பேட்டரிக்கு ஒன்றும் போகாது.

அடுத்தது ஆண்டு உற்பத்தி. 2 கிலோவாட்டை 8,760 மணி நேரத்தால் பெருக்கி, அதில் 30 சதவீதம் என்று எடுத்து, "ஆண்டுக்கு 5,256 யூனிட்" என மதிப்பீட்டுத் தாளில் எழுதியிருக்கிறீர்கள். சராசரிக் காற்று வினாடிக்கு 6 மீட்டர் என்று அதே தாளில் இருக்கிறது. அது காற்று வரைபடத்தில் 50 மீட்டர் உயரத்துக்குத் தரப்பட்ட எண். நீங்கள் சுழலியை வைக்கச் சொன்ன இடமோ தரையிலிருந்து 9 மீட்டர், மொட்டை மாடியில் நட்ட குட்டைக் கம்பத்தின் உச்சி. மரமும் வீடுமாக உள்ள இடத்தில் உயர அடுக்கெண்ணை (உயரம் குறையக் குறைய காற்று எவ்வளவு தளரும் என்று காட்டும் எண்) 0.25 என்று எடுத்தால் அந்த 6 மீட்டர் அங்கே 3.9 மீட்டராகக் குறைகிறது. திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால் மிஞ்சுவது கால் பங்குக்குச் சற்றே அதிகம். காற்று ஒரே சீராக வீசாமல் ஏறி இறங்குவதால் கிடைக்கும் கூடுதலையும் (வழக்கமான 1.91 பெருக்கம்) சேர்த்துக் கணக்கிட்டால், ஓராண்டில் இந்த வட்டத்தின் வழியே போகும் காற்றின் மொத்த ஆற்றலே சுமார் 1,550 யூனிட். அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆண்டு முழுவதற்குமான 20 சதவீதப் பயனுறுதிறனில் உண்மையில் எதிர்பார்க்கக்கூடியது 310 யூனிட், மாதத்துக்கு 26.

அதுவும் காற்று தடையில்லாமல் வந்தால்தான். காற்று வரும் பக்கத்தில், 60 மீட்டர் தள்ளி, 12 மீட்டர் உயர மரவரிசை இருப்பதை நான் அனுப்பிய படங்களிலேயே பார்த்திருக்கலாம். தடுப்பின் உயரத்தைப் போல 20 மடங்கு தூரம் வரை, இரண்டு மடங்கு உயரம் வரை காற்று கலங்கியே வரும் என்பது பொதுவான கணக்கு. இங்கே அது 240 மீட்டர் தூரம், 24 மீட்டர் உயரம். சுழலி நிற்பது அந்தக் கலக்கத்தின் நடுவில். வால் நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறி அலைகிறது, இறக்கை காற்றைப் பிடிப்பதற்குள் காற்று வேறு பக்கம் போய்விடுகிறது. 150 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதையும்விட இறக்கையின் கீழ்நுனி 9 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது வீட்டுக் காற்றாலைக்கான அடிப்படை விதி. அதன்படி இங்கே குறைந்தது 22 மீட்டர் டவர் வேண்டும். கூரைக் கம்பத்தை யாருக்குமே பரிந்துரைக்கக் கூடாது. அதிர்வு முழுவதும் கட்டடத்துக்குள் இறங்கும்.

சரியான அளவை முன்பே கணக்கிட்டிருக்கலாம். வீட்டின் தேவை மாதம் 150 யூனிட், ஆண்டுக்கு 1,800. 22 மீட்டர் உயரத்தில் சராசரிக் காற்று வினாடிக்கு 4.9 மீட்டர் என்றால், 20 சதவீதத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 240 யூனிட் வரும். தேவைப்படும் பரப்பு 7.5 சதுர மீட்டர், விட்டம் 3.1 மீட்டர். உங்கள் விண்ணப்பத்தில் மின்கட்டணம், கூரை வகை என இரண்டே கேள்விகள். மரம் எங்கே, எவ்வளவு உயரம், டவர் நட இடம் உண்டா என்று ஒரு கேள்விகூட இல்லை.

இனி கன்ட்ரோலர். நீங்கள் அனுப்பியது சோலார் கன்ட்ரோலர். பேட்டரி 57.6 வோல்ட்டை எட்டியதும் அது இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. சோலார் பலகைக்கு அதனால் கேடில்லை. காற்றாலைக்கு அப்படியல்ல: மின்சாரத்தை இழுக்கும் சுமை போன அடுத்த கணமே சுழலி கட்டுக்கடங்காமல் ஓடும். சுமையோடு நிமிடத்துக்கு 700 சுற்றில் இருப்பது 1,400 சுற்றுக்கு ஏறினால், இறக்கையை வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகும், ஜெனரேட்டரின் வோல்ட்டேஜ் 110-ஐத் தாண்டும். கன்ட்ரோலரின் மீதுள்ள லேபிளில் உச்ச வரம்பு 100 வோல்ட் என்றே எழுதியிருக்கிறது. பேட்டரி நிரம்பிய நேரத்தில் பலத்த காற்று வந்தால் முதலில் கன்ட்ரோலர் எரியும், அதன்பின் சுழலியைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது.

உடன் வந்த டம்ப் லோடு (மிஞ்சும் மின்சாரத்தை வெப்பமாக்கித் தீர்க்கும் மின்தடை) 10 ஓம், 300 வாட். 57.6 வோல்ட்டில் அது இழுப்பது 5.8 ஆம்பியர், அதாவது 330 வாட். தன் வரம்பையே மீறிச் சூடாகும், அதே சமயம் சுழலியையும் அடக்காது. இந்தச் சுழலிக்குக் குறைந்தது 1,500 வாட் தாங்கும், 2.2 ஓம் அளவிலான டம்ப் லோடும், பேட்டரியைத் துண்டிக்காமல் மிகுதியை அதற்குத் திருப்பும் கன்ட்ரோலரும் வேண்டும்.

இறக்கைகளைத் தராசில் வைத்துப் பார்த்தபோது 962, 962, 990 கிராம். 28 கிராம் வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். 700 சுற்றில், இறக்கையின் நடுவே எடைமையம் இருப்பதாகக் கொண்டால், ஏறக்குறைய 7 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வினாடிக்கு 12 முறை கம்பத்தைச் சுற்றி இழுக்கிறது. பேரிங்கும் போல்ட்டும் தளர இதுவே போதும். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற எண்ணும் கையேட்டில் இல்லை. கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர். 25 மீட்டர் தூரத்துக்கு 15 ஆம்பியரில் 5 வோல்ட்டுக்கு மேல் அதிலேயே போகிறது. 10 சதுர மில்லிமீட்டர் கொடுத்திருக்க வேண்டும்.

நான் கேட்பது: காற்றாலை, கன்ட்ரோலர், டம்ப் லோடு, கம்பம், கேபிள் எல்லாவற்றையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, அனுப்புகூலி உட்பட முழுத் தொகையையும் 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மாற்று மாடல் தருவதாக இருந்தால், ஐஇசி 61400-12-1 என்ற சர்வதேசத் தர முறைப்படி அளந்த திறன் வரைகோட்டையும் (எந்தக் காற்று வேகத்தில் எத்தனை வாட் என்று காட்டுவது), வினாடிக்கு 5 மீட்டர் சராசரிக் காற்றில் கிடைக்கும் ஆண்டு உற்பத்தியையும் முதலில் அனுப்புங்கள். அவை இல்லாமல் எந்த மாடலையும் ஏற்க மாட்டேன். விற்பனைப் பக்கத்தில் உள்ள 2 கிலோவாட்டையும் 5,256 யூனிட்டையும் நீக்க வேண்டும்.

மதிப்பீட்டுத் தாள், கன்ட்ரோலர் லேபிளின் படம், இறக்கை எடைகளின் படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.

பணத்துக்குக் காத்திருக்கலாம், ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க முடியாது. இதே கன்ட்ரோலரோடு இந்தக் காற்றாலையை வாங்கிய மற்றவர்களுக்கு இன்றே எழுதுங்கள்: காற்று ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, மூன்று ஃபேஸையும் குறுக்கே இணைக்கும் பிரேக் சுவிட்சைப் போடட்டும், அதற்குப் பிறகே பேட்டரி இணைப்பைக் கழற்றட்டும். பலத்த காற்றில் அந்தப் பிரேக்கைப் போட்டால் காயில் எரியக்கூடும் என்பதையும், சரியான கன்ட்ரோலர் கைக்கு வரும்வரை பிரேக்கை எடுக்கக் கூடாது என்பதையும் அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்