பெயரின் வாலைப் பிடியுங்கள்

ஆசிரியருக்கு,

கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்துகளை மூடியின் நிறத்தை வைத்து மனப்பாடம் செய்வது ஆபத்து. எல்லா நிறுவனங்களும் ஒரே நிறமுறையைப் பின்பற்றுவதில்லை. நிறுவனம் வைக்கும் பெயர் மாறினாலும், மருந்தின் பொதுப்பெயரின் வால் மாறாது. டிமோலோல் போல 'லோல்' என முடிந்தால் ஆஸ்துமா உண்டா என்று முதலில் கேளுங்கள். நாடித்துடிப்பையும் அது குறைக்கும். 'புரோஸ்ட்' என்றால் பெரும்பாலும் இரவில் ஒரு சொட்டு, இமைமுடி நீளும். 'சோலமைடு' என்றால் வாய் கசக்கும், சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று விசாரிக்க வேண்டும். பிரிமோனிடினை 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் போடவே கூடாது, மூச்சே தடைப்படலாம்.

வால் உதவாத மருந்துகளுக்குத் தமிழே கைகொடுக்கும். பைலோகார்பின் சுருக்குப்பை: கண் பாவையைச் சுருக்கும். அட்ரோபின், 'ஆ'வென்று வாய் திறப்பதுபோல் பாவையை விரிக்கும். கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் இடமான முன்னறைக் கோணம் குறுகிய கண்ணில் அது அழுத்தத்தைச் சட்டென ஏற்றிவிடும்.

கண் மருந்தியல் ஆசிரியர்கள்,
மதுரை