செந்திலுக்கு, உணவைக் குறித்து மட்டும்

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். பொங்கலுக்கு வந்திருந்தபோது காலையில் நீ கழிவறையில் கழித்த நேரத்தைப் பற்றி நானும் உன் அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கப்போவதில்லை. உணவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீ வரவழைத்து உண்ணும் பரோட்டாவிலும் பிரியாணியிலும் அதில் பாதியாவது தேறுமா என்பது எனக்குச் சந்தேகம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு. அதே எடைக் கேழ்வரகில் சுமார் 11 கிராம், முழுப் பச்சைப்பயற்றில் சுமார் 17 கிராம். அரிசியை வெளுக்கத் தீட்டித் தவிட்டை மாட்டுக்கு வைத்தோம்; மாடு நன்றாகத்தான் இருந்தது.

நார் செரிக்காது, அதன் பயனே அதுதான். தவிட்டிலும் கீரைத்தண்டிலும் உள்ள கரையாத நார் மலத்தைப் பருக்கச்செய்து, முக்காமல் வெளியேற உதவுகிறது. ஓட்ஸிலும் கொய்யாவிலும் பயறுகளிலும் உள்ள கரையும் நாரோ குடலில் கூழாகிச் சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களையும் பிடித்துக்கொண்டு வெளியேறுவதால், அவற்றைப் புதிதாகச் சுரக்கக் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செலவிட நேர்ந்து, இரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறைகிறது. பெருங்குடலின் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலம்தான் அக்குடற்சுவரின் செல்களுக்கு முதன்மையான உணவு. ஊரார் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் தணிக்கை செய்கிறவன் என்று உன்னைப் பற்றி நான் பெருமை பேசாத இடமில்லை. உன் தட்டின் கணக்கை மட்டும் நீ பார்ப்பதில்லை.

நாரை ஒரேயடியாகக் கூட்டாதே, வயிறு உப்பும். சிறிது சிறிதாகக் கூட்டு, தண்ணீர் நிறையக் குடி. இசப்கோல் என்ற நார் உமியை எடுப்பதானால் தண்ணீர் போதாமல் விழுங்காதே, தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். தண்ணீரை மறவாதே.

ஆனால், இரத்தம் கண்டிருந்தால் கேழ்வரகு அதற்கு மருந்தல்ல. வெறும் மூலம்தான் என்று உன் பெரியப்பா தனக்குத்தானே தீர்ப்பெழுதிக்கொண்டு, கூச்சத்தால் யாரிடமும் சொல்லாதிருந்தது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. மருத்துவரிடம் பெரியப்பாவைப் பற்றியும் சொல். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோப்பி செய்யச் சொன்னால் தள்ளிப்போடாதே. எந்த நாள் என்று எனக்கு மட்டும் எழுது, வந்துவிடுகிறேன். அம்மாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அவள் கேழ்வரகு மாவு அனுப்பியிருக்கிறாள். சலித்துவிடாதே.

அப்பா