வீட்டில் பாரம் தூக்கத் தொடங்கும் பெண் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள எமது விற்பனை நிலையத்துக்கு உடற்பயிற்சிக் கருவிகள் வாங்க வரும் பெண்களின் தொகை கூடிக்கொண்டு வருவது எமக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளும், ஆசிரியைகளும், முழங்கால் நோவென்று வைத்தியரிடம் போய்த் தசையைப் பலப்படுத்தச் சொல்லிக் கேட்டு வந்த ஐம்பது வயது கடந்த தாய்மாரும் அவர்களுள் இருக்கிறார்கள். இவர்களிற் பெரும்பாலோர் முதலிற் கேட்பது ஒரு கிலோ எடையுள்ள, நிறப்பூச்சுப் போட்ட டம்பெல் சோடியைத்தான். நாம் அதை உடனே எடுத்துக் கொடுக்காமல், தட்டுகளைக் கழற்றி மாற்றக்கூடிய தொகுதியை முன்னால் வைத்துச் சில கேள்விகளையும் கேட்பதால், விலை கூடிய பொருளைத் தலையிற் கட்டப் பார்க்கிறோம் என்று எவரும் எண்ணக்கூடும். அவ்வாறு செய்வதற்கான காரணத்தை விளக்கவும், வாங்கிய பொருளை வீட்டில் எவ்வாறு பயன்படுத்துவது என்று சொல்லவும் இம்மடலை எழுதுகிறோம்.

எமது பகுதிப் பெண்கள் பாரம் தூக்காதவர்கள் அல்லர். 20 லீற்றர் தண்ணீர்க் கானொன்று நிரம்பினால் தண்ணீரின் எடை மட்டும் 20 கிலோ. அதைக் கிணற்றடியிலிருந்து குசினிவரை ஒரு கையால் தூக்கி வருபவர், கடைக்கு வந்து இரண்டு கிலோ டம்பெல்லைக் கண்டதும் "இது எனக்குப் பாரமாய் இருக்குமோ" என்று கேட்பதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். அவ்வளவு வேலை செய்பவருக்குத் தனியே பயிற்சி எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே. ஒரே எடையை ஒரே விதமாக ஆண்டுக்கணக்கில் தூக்கும் உடல், அதற்கு வேண்டிய பலத்தைப் பெற்றதும் அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. மேலும், குடம் எப்போதும் ஒரே இடுப்பிலேயே இருக்கும். நாற்று நடுவதும் கச்சான் பிடுங்குவதும் முதுகை வளைத்தபடியே நடக்கும். தையல் இயந்திரத்தின் முன்னால் எட்டு மணிநேரம் இருப்பவருக்குத் தோள்கள் முன்னால் சரிந்துவிடும். வேலை உடலைக் களைக்கச் செய்கிறது. ஆனால் எல்லாத் தசைகளையும் ஒழுங்காகப் பலப்படுத்துவதில்லை. எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதும், உடலின் எல்லாப் பெரிய தசைகளுக்கும் வேலை கொடுப்பதும், இடையில் ஓய்வு விடுவதும் சேர்ந்தாற்றான் அது பயிற்சியாகிறது. வளர்ந்தோர் அனைவரும் கிழமையில் இரண்டு நாளாவது இத்தகைய பயிற்சியைச் செய்யவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 ஆம் ஆண்டின் வழிகாட்டலில் ஆண், பெண் வேறுபாடின்றியே சொல்லியிருக்கிறது.

பாரம் தூக்கினால் "கை ஆம்பிளையளின்ர மாதிரி வந்திடும்" என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. தசை பெரிதாகத் திரள்வதற்கு முக்கிய காரணமான டெஸ்டோஸ்டெரோன் என்ற சுரப்பு பெண்களின் உடலில் ஆண்களிலும் பார்க்கப் பல மடங்கு குறைவு. தொடங்கிய முதற் சில கிழமைகளில் நீங்கள் உணரும் பலம்கூடத் தசை பருத்ததால் வருவதன்று. இருக்கின்ற தசைநார்களை ஒன்றாக இயக்க நரம்புகள் பழகிக்கொள்வதால் வருவது. மறுபுறத்தில், முப்பது வயதைத் தாண்டியபின் தசை மெல்ல மெல்லக் குறைவதும், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் என்ற சுரப்பு குறைந்து எலும்பின் அடர்த்தி வேகமாக இறங்குவதும் எல்லாப் பெண்களுக்கும் பொதுவானவை. எலும்பு தன்மேல் ஏறும் சுமைக்கு ஏற்பத் தன்னை உறுதிப்படுத்திக்கொள்ளும் இயல்புடையது. ஒரு கிலோ எடை அந்தச் சுமையைத் தருவதில்லை. எமது தயக்கத்தின் முதற் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம், உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே எடை பொருந்தாது என்பது. தோளுக்கு மேலே தூக்குவதற்கு இரண்டு கிலோ போதுமானவருக்கு, கால்களுக்கும் இடுப்புக்கும் ஏழு அல்லது பத்துக் கிலோ வேண்டியிருக்கும். நாம் பரிந்துரைக்கும் தொகுதியில் ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள இரண்டு குறுந்தண்டுகளும், 1.25 கிலோத் தட்டுகள் நான்கும், 2.5 கிலோத் தட்டுகள் நான்கும், திருகுப் பூட்டுகளும் உள்ளன. வெறுந்தண்டு 2 கிலோ. சிறிய தட்டுகளை இருபுறமும் போட்டால் 4.5 கிலோ; பெரியவற்றைப் போட்டால் 7 கிலோ; இரண்டையும் போட்டால் 9.5 கிலோ, எல்லாத் தட்டுகளையும் ஒரே தண்டில் ஏற்றினால் 17 கிலோ. இதை வாங்கும் ஒருவர் நீண்ட காலத்துக்கு வேறெதுவும் வாங்கத் தேவையில்லை. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. 4.5 கிலோவிலிருந்து 7 கிலோவுக்குத் தாவுவது கால்களுக்கு எளிது. கைகளுக்கும் தோள்களுக்கும் அது மிகப் பெரிய தாவல். அதற்காகவே அரைக் கிலோத் தட்டுகளைத் தனியாக வைத்திருக்கிறோம். அவற்றைப் போட்டால் ஒரு கிலோ வீதம் ஏற முடியும். தொகுதியோடு அவற்றில் நான்கை வாங்கிச் செல்லும்படி எல்லாரிடமும் வற்புறுத்துகிறோம். தட்டின் துளையும் தண்டின் தடிப்பும் ஒத்துப்போக வேண்டுமாதலால், வேறு இடத்தில் வாங்கிய தண்டு உங்களிடம் இருந்தால் அதைக் கையோடு கொண்டுவாருங்கள்.

ஓடுவதற்கான மின்னியந்திரத்தையும், பல கம்பிகள் கொண்ட பெரிய கூட்டு இயந்திரத்தையும் தொடக்கத்தில் வாங்கவேண்டாம் என்பதே எமது கருத்து. நடப்பதற்கு வாய்க்கால் வீதியும் வயல் வீதியும் இருக்கின்றன. வயிற்றில் கட்டினால் கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கப்படும் பட்டிகளை நாம் விற்பதேயில்லை; ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் அவ்விதம் கரைக்க முடியாது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். முதல் மாதத்துக்கு ஐந்து அசைவுகள் போதும்: குந்தி எழும்புதல், இடுப்பை மடித்துத் தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், சுமந்து நடத்தல். குந்தி எழும்புவதற்கு ஒரு மரக் கதிரையைச் சுவரோடு அணைத்து வையுங்கள். பிளாஸ்ரிக் கதிரை சீமெந்துத் தரையில் வழுக்கிவிடும். பின்புறம் கதிரையை மெல்லத் தொடும்வரை இறங்கி, பாதம் முழுவதையும் நிலத்தில் ஊன்றி எழும்புங்கள். முழங்கால்கள் உட்புறமாகச் சரியாமல் கால்விரல்களின் திசையிலேயே செல்லவேண்டும். எடையில்லாமல் இது எளிதான பின், ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

இடுப்பை மடித்துத் தூக்குதல் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனெனில் எமது வாடிக்கையாளர்கள் அதிகமாகப் பிழைவிடுவதும் அதிகமாகப் பயன்பெறுவதும் இந்த ஒன்றிலேதான். கைகளில் டம்பெல்களோடு நிமிர்ந்து நின்று, முழங்காலைச் சிறிதளவே மடித்து, இரு கைகளிலும் சாமான் இருக்கும்போது பின்னாலுள்ள கதவைப் பின்புறத்தால் தள்ளிச் சாத்துவது போல இடுப்பைப் பின்னோக்கிக் கொண்டுபோங்கள். முதுகு கூனாமல் நேராக இருக்க, எடை தொடையை ஒட்டியவாறே முழங்கால்வரை இறங்கவேண்டும். தொடையின் பின்புறத்தில் இழுவை தெரியவேண்டும். இழுவை நாரியில் தெரிந்தால் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். எடையைக் குறைத்து, ஒரு தும்புத்தடியை முதுகோடு சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள். தடி தலையிலும், முதுகின் மேற்பகுதியிலும், நாரிக்குக் கீழும் தொட்டபடியே இருந்தால் அசைவு சரி. இதைக் கற்றவர், அடுத்த முறை அரிசி மூடையையோ தண்ணீர்க் கானையோ தூக்கும்போது முதுகை வளைக்காமல் இடுப்பால் தூக்குவார். நாரி நோவோடு வந்த பலருக்கு நாம் இதைத்தான் முதலிற் காட்டித் தருகிறோம்.

தள்ளுவதற்குச் சுவரில் கைகளை ஊன்றித் தொடங்கி, அது இலகுவானதும் ஆடாத ஒரு வாங்கில் ஊன்றிச் செய்யலாம். இழுப்பதற்கு, ஒரு கையை வாங்கில் ஊன்றி மறுகையால் டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுங்கள். நாள் முழுவதும் முன்னால் குனிந்திருப்பவர்கள் தள்ளுவதிலும் பார்க்க இதைக் கூடுதலாகச் செய்யவேண்டும். சுமந்து நடத்தலுக்கு முற்றமே போதும்: இரு கைகளிலும் எடையோடு நிமிர்ந்து, அவசரப்படாமல், முற்றத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்து வருவது.

ஒவ்வோர் அசைவையும் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை செய்து, ஓரிரு நிமிடம் ஆறி, மறுபடியும் செய்யுங்கள். முதல் இரண்டு கிழமைக்கு இரண்டு சுற்றுப் போதும். சரியான எடை எது என்று அறிய ஒரு வழி இருக்கிறது: நிறுத்தும்போது, இன்னும் இரண்டு அல்லது மூன்று தடவை ஒழுங்காகச் செய்திருக்கலாம் என்று தோன்றவேண்டும். இன்னும் பத்துத் தடவை செய்யலாம் என்று தோன்றினால் எடை போதாது. பன்னிரண்டு தடவையை எல்லாச் சுற்றிலும் நல்ல ஒழுங்கோடு முடிக்க முடிகிறதென்றால், அடுத்த முறை சிறிய தட்டைச் சேர்த்து எட்டுத் தடவையிலிருந்து தொடங்குங்கள். இதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வைத்தால் எப்போது கூட்டவேண்டும் என்பது தானே தெரியும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கிப் பிடித்தால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். கிழமையில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. அறுவடைக் காலத்தில் வயலில் நின்று வருபவர் அக்கிழமைகளில் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வது தவறன்று. வெயிற் காலத்தில் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் செய்யவேண்டாம். விடியற்காலையோ பொழுது சாய்ந்த பின்னரோ நல்லது.

உடைக்காக எவரும் தயங்கவேண்டியதில்லை. பஞ்சாபி உடையோடு தாராளமாகச் செய்யலாம். சால்வையை மட்டும் கழற்றி வையுங்கள், அது தண்டில் சிக்கும். நீண்ட பாவாடை காலில் தடக்கும். செருப்போடு செய்யவேண்டாம், மட்டமான தரையில் வெறுங்காலே உறுதியானது.

முதன்முறை செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை நோவது இயல்பு. அது தானே குறையும். மூட்டில் குத்துவதுபோல் வரும் நோ, நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று ஆகியவை அத்தகையவை அல்ல. உடனே நிறுத்தி வைத்தியரைப் பாருங்கள். மாதவிடாய் நாட்களில் பயிற்சியை விடவேண்டிய கட்டாயமில்லை. இயலாவிட்டால் எடையைக் குறையுங்கள். கருவுற்றிருப்பவர்களும், குழந்தை பெற்றுச் சில மாதங்களே ஆனவர்களும், குறிப்பாகச் சத்திரசிகிச்சை மூலம் பெற்றவர்களும், வைத்தியரிடமோ உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேட்டபின் வாருங்கள். பாரம் தூக்கும்போது சிறுநீர் கசிவதாக இருந்தால் அதை வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். அது பலருக்கும் உள்ளது, அதற்கெனத் தனிப் பயிற்சியும் உண்டு. முப்பத்தைந்து வயது கடந்தவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் சிகிச்சை நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்த்துக்கொண்டு தொடங்குவது நன்று. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வெறுவயிற்றில் செய்யக்கூடாது.

போரின் காயங்களோடு வாழும் பெண்கள் எமது வாடிக்கையாளர்களிடையே இருக்கிறார்கள். உடலில் இன்னமும் சன்னமோ எறிகணைத் துண்டோ இருப்பவர்கள், ஒரு கையின் பலம் குறைந்தவர்கள், செயற்கைக் கால் அணிபவர்கள் ஆகியோர் இப்பயிற்சி தமக்குரியதன்று என்று ஒதுங்கவேண்டாம் என மனதாரக் கேட்டுக்கொள்கிறோம். கதிரையில் இருந்தபடி செய்யக்கூடியவையும், ஒரு பக்கத்துக்கு மட்டும் எடை வைத்துச் செய்யக்கூடியவையும் பல உண்டு. எவை பொருந்தும் என்பதை மாவட்ட வைத்தியசாலையின் இயன்மருத்துவர் பார்த்துச் சொல்லவேண்டும். அவர் எழுதித் தருவதை எம்மிடம் கொண்டுவந்தால், அதற்கேற்ற எடையையும் கைப்பிடியையும் தெரிந்து தருவோம்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சி செய்யும் உடலுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். விலையுயர்ந்த மாப்பெட்டிகள் அதற்கு அவசியமில்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. பயறு, கௌபி, கச்சான், நெத்தலிக் கருவாடு, மீன், எருமைத் தயிர் யாவும் எமது சந்தையில் கிடைப்பவை. வீட்டில் எல்லாருக்கும் பரிமாறியபின் மிஞ்சிய குழம்போடு சோறு உண்ணும் தாய்மாருக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்: மீன் துண்டில் உங்கள் பங்கையும் எடுத்து வையுங்கள்.

இரும்புத் தட்டுகள் மாரி காலத்திலும், முல்லைத்தீவு போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றிலும் விரைவில் துருப்பிடிக்கும். வியர்வையைத் துடைத்து, தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயைத் துணியில் நனைத்து மெல்லப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் நாட்பட ஒட்டும். இழுத்துப் பயிற்சி செய்யும் இறப்பர்ப் பட்டிகள் உங்களிடம் இருந்தால் அவற்றுக்கு எந்த எண்ணெயும் கூடாது, வெயிலும் கூடாது. சிறு வெடிப்புத் தெரிந்தாலும் எறிந்துவிடுங்கள், இழுபட்டு அறுந்தால் கண்ணைத் தாக்கும். ஒவ்வொரு முறை தூக்குமுன்னும் திருகுப் பூட்டுகளை இறுக்கிப் பாருங்கள். தரையோடுகள் வெடிக்காமலிருக்க இறப்பர் விரிப்பையோ மடித்த சாக்கையோ விரியுங்கள். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் எடைகளை மேசைமேல் வைக்கவே கூடாது. நிலத்தில், மூலையில் வையுங்கள்.

சனிக்கிழமை முற்பகல்களில் எமது நிலையத்தின் உள்ளறையில் பெண் பணியாளர் ஒருவர் இந்த ஐந்து அசைவுகளையும் கட்டணமின்றிக் காட்டித் தருகிறார். பொருள் வாங்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அவ்வறையில் வெவ்வேறு எடைகளைத் தூக்கிப் பார்த்தபின் உங்கள் தேவையை முடிவு செய்யலாம். வாங்கிய தட்டுகள் எடையிற் பொருந்தாவிட்டால் ஒரு மாதத்துக்குள் கொண்டுவந்து வேறு எடைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாங்குளம், மல்லாவி, முழங்காவில், புதுக்குடியிருப்புப் பக்கங்களிலிருந்து வர இயலாதவர்கள், தமது வயதையும், செய்யும் வேலையையும், உள்ள நோய் அல்லது காயத்தையும், வீட்டில் பயிற்சிக்கு இருக்கும் இடத்தையும் எழுதி அனுப்பினால், எதை வாங்கவேண்டும், எதை வாங்கத் தேவையில்லை என்று பதில் எழுதுவோம். எழுதுபவை எமது பெண் பணியாளரின் பார்வைக்கு மட்டுமே போகும்.

இப்படிக்கு,
விற்பனை நிலையத்தார்,
கிளிநொச்சி.