கொழுந்துக் கணக்குக் கோப்பு அழிந்தமை: சேவர் அமைப்பைத் திருத்தித் தரக் கோரல்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

எங்கள் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை அலுவலகங்களில் நீங்கள் பொருத்தித் தந்த விண்டோஸ் சேவர்கள் பற்றியது இந்தப் புகார். தொலைபேசியில் சொல்லிப் பார்த்தோம். "உங்கட ஸ்டாஃப் கவனமில்லாம சேவ் பண்ணியிருப்பாங்க" என்பதற்கு மேல் பதில் கிடைக்காததால் எழுத்தில் தருகிறேன்.

சிறுதோட்டக்காரர்களின் தேயிலைக் கொழுந்துக் கணக்கு ஒரே எக்செல் கோப்பில் இருக்கிறது; அதன் பிரதி மூன்று சேவரிலும் உண்டு. மாதக் கடைசி மழையில் பண்டாரவளை சேவரை மற்றவற்றோடு இணைக்கும் லைன் விழுந்திருந்த நேரம், ஹட்டனில் முற்பணத்தையும் உரக்காசையும் கழித்துப் பதிந்தார்கள். அதே கோப்பில் பண்டாரவளை இலிகிதர் கொழுந்து நிறையைப் பதிந்து, பிந்திச் சேமித்தார். லைன் வந்ததும் பண்டாரவளைக் கோப்பே மூன்று சேவரிலும் நின்றது. ஹட்டன் பதிவு அத்தனையும் போனது. யாருடைய திரையிலும் ஓர் எச்சரிக்கை வரவில்லை. கழிக்க வேண்டியதைக் கழிக்காமலே காசு கொடுத்துவிட்டோம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாக மலையேறுவது எங்கள் ஆட்கள், உங்கள் டெக்னீஷியன் அல்ல.

இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? நீங்கள் போட்டுத் தந்த டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன், அதாவது சேவர்களில் உள்ள பிரதிகளை ஒன்றுபோல் வைத்திருக்கும் விண்டோஸ் வசதி, வேலை செய்யும் விதமே இதுதான். ஒரே கோப்பு இரண்டு சேவரில் மாறியிருந்தால் அது இரண்டையும் ஒன்றுசேர்க்காது. பிந்தி எழுதியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். ஓரிடத்தில் திறந்திருக்கும் கோப்பை இன்னோரிடத்தில் பூட்டி வைக்கும் வசதி அதில் கிடையாது. கோப்பை மூடிய பிறகுதான் மாற்றம் அடுத்த சேவருக்குப் போகும். ஆகவே லைன் நன்றாக இருக்கும் நாளிலும் இதே விபத்து நடக்கலாம். "மூன்று இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம்" என்று விலைமனுவில் எழுதியவருக்கு இது தெரியாமலா இருந்தது?

ஒதுக்கப்பட்ட பிரதி உடனே அழிவதில்லை. 'கான்ஃப்ளிக்ட் அண்ட் டிலீட்டட்' என்ற மறைவான கோப்புறைக்குப் போகிறது. எங்கள் சேவரில் அதன் அளவு 4 ஜிபி. 90 சதவீதம் நிரம்பினால், 60 சதவீதத்துக்கு இறங்கும்வரை பழையவை தானாக நீக்கப்படும். விஷயம் தெரிந்த அன்றே உங்களை அழைத்தோம். உங்கள் ஆள் ஆறுதலாக வந்து திறந்தபோது எங்கள் கோப்பு அதில் இல்லை. சேவரின் நிகழ்வுப் பதிவில் மட்டும் 4412 என்ற எண்ணில் மோதல் குறிக்கப்பட்டிருந்தது. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறவர்கள் அந்தப் பதிவைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

எங்களுக்கு வேண்டியது இது: எல்லோரும் நுவரெலியா சேவரில் உள்ள பிரதியில் மட்டுமே எழுதும்படி மாற்றுங்கள்; மற்ற இரண்டும் வாசிக்க மட்டும் இருக்கட்டும். லைன் இல்லாத நேரத்தில் பண்டாரவளையில் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள், காணாமற்போகும் கணக்கைவிட அது மேல். ஒதுக்கப்பட்ட பிரதிகள் போகும் கோப்புறையின் அளவைக் கூட்டி, 4412 வந்தால் எனக்கு மின்னஞ்சல் வரும்படி செய்யுங்கள். இனி வேறு யாருக்கும் விலைமனு கொடுக்கும்போது "ஒரே நேரத்தில் வேலை செய்யலாம்" என்ற வாக்கியத்தையும் எடுத்துவிடுவது நல்லது.

இவை 14 நாட்களுக்குள் முடியாவிட்டால், வேலை முடியும்வரை பராமரிப்புக் கட்டணம் செலுத்தப்படமாட்டாது. நடந்த மாதத்துக்கான கட்டணத்தை எப்படியும் திருப்பித் தர வேண்டும். பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

இங்ஙனம்,
கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்,
நுவரெலியா அலுவலகம்.