வட்டத்துக்கு வெளியே யாரும் சாக மாட்டார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நவீனக் குண்டுகளைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "இவற்றின் துல்லியம் 5 மீட்டர். எனவே அதற்கு அப்பால் இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லை." பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம். வட்டத்தை ஒட்டி வெளியே ஒரு பச்சை மரம். மரத்தடியில் பெஞ்சு போட்டு ஒருவரை உட்காரவைத்து, கையில் தங்கள் நாளிதழையும் கொடுத்திருந்தால் படம் நிறைவாக இருந்திருக்கும்.

தங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 5 மீட்டர் என்றால், நூறு குண்டு போட்டால் ஏறத்தாழ ஐம்பது அந்த ஆரத்துக்குள் விழும் என்று அர்த்தம். மீதி ஐம்பது வெளியே. எவ்வளவு வெளியே என்பதை அந்த எண் சொல்லாது. அதுவும் குண்டுக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சிக்னல் ஒழுங்காகக் கிடைத்தால்தான். எதிரி அந்தச் சிக்னலை ஜாம் செய்து குழப்பினால் வட்டம் பல மடங்கு பெருக்கும். அப்புறம், குண்டு விழும் இடம் வேறு, அதன் சேதம் எட்டும் தூரம் வேறு. 500 பவுண்டு குண்டின் சில்லு நூற்றுக்கணக்கான மீட்டர் பறக்கும். குண்டு சரியாக நடுவில் விழுந்தாலும் தங்கள் மரம் காலி.

நான் பீரங்கிப் படையில் டெக்னிக்கல் அசிஸ்டென்டாக இருந்தவன். எவ்வளவு தூரத்துக்கு எந்தக் கோணம் என்று சொல்லும் ரேஞ்ச் டேபிளும் பென்சிலுமாகக் காலம் போனது. ஒரே பீரங்கி, ஒரே கோணம், ஒரே சார்ஜ் (குண்டைத் தள்ளும் வெடிமருந்து) வைத்து அடுத்தடுத்துச் சுட்டாலும் இரண்டு ரவுண்டு, அதாவது இரண்டு குண்டு, ஒரே குழியில் விழாது. அகலவாட்டில் கொஞ்சம் சிதறும், நீளவாட்டில் நிறையவே சிதறும். ராஜஸ்தானில் பயிற்சிக்கு இலக்காக ஒரு பழைய டாங்க் கூடு நிற்கும். மதியம் முழுக்க அடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் சுற்றிலும் குழி, இரும்பில் இரண்டு மூன்று கீறல், கூடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதைக் காட்டித்தான் எங்களுக்குப் பாடம் நடத்துவார்கள். எதிரியை அழிப்பது ஒரு கணக்கு. நம் காலாட்படை நெருங்கும்வரை அவனைத் தலைதூக்க விடாமல் வைப்பது வேறு கணக்கு. பீரங்கிக்குப் பெரும்பாலும் இரண்டாவது வேலைதான். முதல் வேலைக்கு எத்தனை ரவுண்டு வேண்டும் என்று கணக்குப் போட்டால் லாரிகள் போதாது.

1999 கார்கிலில் நம் பீரங்கிகள் சுட்டது சுமார் 2.5 லட்சம் ரவுண்டு. டைகர் ஹில் சிகரத்தை அந்த அடி அடித்தும், 18 கிரனேடியர்ஸ் என்ற காலாட்படைப் பிரிவின் பையன்கள் இரவில் செங்குத்துப் பாறையில் ஏறி, பங்கருக்குள் உயிரோடு இருந்தவர்களோடு கைகலந்துதான் பிடிக்க வேண்டியிருந்தது. தங்கள் நிருபர் எழுதுவதுபோல அடித்ததும் எல்லாம் "தவிடுபொடி" ஆகுமென்றால் அவர்கள் ஏன் ஏற வேண்டும்?

அதே கட்டுரை 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கா நடத்திய பாக்தாத் தாக்குதலைத் துல்லியத்துக்கு உதாரணமாகப் புகழ்கிறது. அந்தப் பாக்தாத்தில்தான் பிப்ரவரி 13 அன்று அமீரியா பதுங்குமிடத்தில் லேசர் வழிகாட்டும் இரண்டு குண்டுகள் விழுந்தன. குறி கொஞ்சமும் தப்பவில்லை. ராணுவக் கட்டளை மையம் என்று மதிப்பிட்ட அந்தக் கட்டடத்துக்குள் குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. 400 பேருக்கும் மேல் செத்தார்கள். 1999 கொசோவோ போரில், செர்பியாமீது நேட்டோ குண்டு வீசியபோது, பெல்கிரேடில் சீனத் தூதரகத்தில் குண்டு விழுந்ததும் அப்படித்தான். சொன்ன இடத்துக்குச் சரியாகப் போனது, சொன்ன இடம்தான் தப்பு.

அடித்த பிறகு எண்ணுவது யார் என்பதையும் தாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கொசோவோ போர் முடிந்தபோது சுமார் 120 செர்பிய டாங்குகளை ஒழித்ததாக அமெரிக்கத் தரப்பு அறிவித்தது. ஆட்களை அனுப்பித் தேடியபின் செப்டம்பரில் அது 93 ஆனது. அதிலும் முற்றாக அழிந்தவை என்று உறுதிசெய்தது 26 மட்டும். நடுவில் மரத்தாலும் துணியாலும் செய்த பொம்மை டாங்குகளும் குண்டு வாங்கியிருந்தன. தங்கள் பக்கத்தில் மட்டும் முதல் நாள் எண்ணிக்கையே இன்றைக்கும் ஓடுகிறது.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். குடியரசு தின அணிவகுப்பில் போஃபர்ஸ் பீரங்கியைப் படம் எடுத்து "டாங்க்" என்று போட்டீர்கள். அப்போதே எழுதினேன், பதில் இல்லை. முன்னாள் ராணுவத்தினர் என்றாலே தங்கள் நகைச்சுவைப் பக்கத்துக்குக் கேன்டீன் ரம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. கிரிக்கெட்டில் பந்து ஸ்டம்பை எவ்வளவு உரசினால் அம்பயர் முடிவு நிற்கும் என்பதற்கு அரைப்பக்கம் விளக்கம். ராசிபலன் எழுதுபவர்கூட "வாய்ப்பு உண்டு", "கவனம் தேவை" என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறார். குண்டு விஷயத்தில்தான் தங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில் திருத்தம் என்று இரண்டு வரி: அந்த வட்டம் பாதிக் குண்டுகளுக்கு மட்டும்தான், சேதம் அதையும் தாண்டிப் போகும். வரி விளம்பரங்களுக்கு நடுவே பொடி எழுத்தில் போடுவதாக இருந்தால் வேண்டாம். மரத்தை மட்டுமாவது அடுத்த முறை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார், பீரங்கிப் படை,
குடியாத்தம்.