பாயில் படுத்தவள் பொய் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் ஒழுங்கற்ற ஆங்கில வினைச்சொற்களின் அட்டவணை ஒன்று வெளிவந்திருந்தது. நிகழ்காலம், இறந்தகாலம், மூன்றாம் வடிவம் என்று மூன்று கட்டங்கள். நல்ல முயற்சிதான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டு டியூஷனுக்கு வந்தார்கள். ஒரு பெண் போட்டோஸ்டேட் கடையில் கொடுத்து லேமினேட் போட்டே வைத்திருந்தாள். அதனால்தான் இதைச் சும்மா விட மனமில்லை. 'லை' (lie) என்ற வினைக்குப் 'படு, கிட' என்று சரியாகப் பொருள் கொடுத்துவிட்டு, இறந்தகாலக் கட்டத்தில் 'லைட்' (lied) என்று போட்டிருக்கிறீர்கள். எடுத்துக்காட்டாக, 'ஷி லைட் ஆன் த மேட்' என்று ஒரு வாக்கியம் வேறு.

ஆங்கிலம் தெரிந்தவர் அதைப் படித்தால், பாயில் இருந்துகொண்டு அவள் பொய் சொன்னாள் என்றுதான் எடுத்துக்கொள்வார். பாவம், அவள் படுத்துத்தான் இருந்தாள்.

படுப்பதைச் சொல்லும் 'லை'க்கு இறந்தகாலம் 'லே' (lay), மூன்றாம் வடிவம் 'லெய்ன்' (lain). ஒன்றைக் கிடத்துவது, வைப்பது, இடுவது என்றால் வினையே 'லே'; அதன் இறந்தகாலமும் மூன்றாம் வடிவமும் 'லெய்ட்' (laid). பொய் சொல்லும் 'லை'க்கு மட்டும்தான் 'லைட்'. (தமிழ் எழுத்தில் எழுதினால் விளக்கு ஞாபகம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) பழைய ஆங்கிலத்தில் இவை ஒன்றோடொன்று குழம்பாத மூன்று சொற்கள். ஏறக்குறைய லிஜ்ஜன், லெஜ்ஜன், லேயோகன் என்று ஒலித்திருக்கும். தேய்ந்து தேய்ந்து இன்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், பொய் சொல்லும் வினையும் ஒரு காலத்தில் ஒழுங்கற்றதாகத்தான் இருந்தது. அது பிறகு ஒழுங்குக்கு வந்துவிட்டது; படுக்கிற வினைதான் இன்னும் வரவில்லை.

அச்சுப்பிழை என்று ஒரு வரி போட்டு இதை முடித்துவிடலாம். ஆனால் பிழை ஓர் எழுத்தில் இல்லை, அட்டவணை போடும் முறையிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். 'லை'யையும் 'லே'யையும் இருபது வரி இடைவெளி விட்டு, அகர வரிசைப்படி எங்கெங்கோ போட்டால் பிள்ளை என்ன செய்யும்? மேலே ஓரிடத்தில் 'லே' நிகழ்காலமாக நிற்கிறது, கீழே இன்னோரிடத்தில் அதே 'லே' இறந்தகாலமாக நிற்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏன் அப்படி என்று சொல்லாதவரை, எத்தனை முறை ஒப்பித்தாலும் பரீட்சை மண்டபத்தில் அது நிற்காது.

ஏன் என்று சொல்ல நம் பிள்ளைகளுக்குப் புதிதாக எதுவும் கற்றுத்தர வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளியிலேயே தன்வினை, பிறவினை படித்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். 'குழந்தை தொட்டிலில் கிடந்தது' என்பது தன்வினை. 'தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள்' என்பது பிறவினை. முதலாவதில் வருவது 'லே', இரண்டாவதில் வருவது 'லெய்ட்'. ஆங்கிலத்திலும் 'லே' என்பது 'லை'யிலிருந்து பிறந்த பிறவினைதான். 'சிட்', 'செட்' இரண்டும் அதே உறவு. எதை, யாரை என்று கேட்டுப் பார்த்துப் பதில் வந்தால் 'லே – லெய்ட்' பக்கம் போக வேண்டும், வராவிட்டால் 'லை – லே – லெய்ன்' பக்கம். கோழி எதை இட்டது? முட்டையை. ஆகவே 'லெய்ட்'. இரண்டாம் வேற்றுமை தெரிந்த மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது போதும்.

மலாயும் இங்கே கைகொடுக்கிறது. தானே படுத்தால் 'பெர்பாரிங்', இன்னொருவரைப் படுக்க வைத்தால் 'மெம்பாரிங்கான்'. நேற்று படுத்தாலும் நாளை படுத்தாலும் மலாய் வினை மாறுவதில்லை. 'செமாலாம்' (நேற்று), 'சுடா' (ஏற்கெனவே) என்று பக்கத்தில் ஒரு சொல் வந்து காலத்தைச் சொல்லிவிடுகிறது. ஆகவே காலத்தை வினைக்குள்ளேயே காட்டும் பழக்கத்துக்குத் தமிழையும், தன்வினை பிறவினைக்கு இரண்டு மொழிகளையும் துணைக்கு அழைக்கலாம். மும்மொழி நம் பிள்ளைகளுக்குச் சுமை என்று எப்போதும் புலம்புகிறோமே, இந்த ஓரிடத்திலாவது அதை முதலாக்கக் கூடாதா?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட காலத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காற்றில் மரம் சாய்ந்தது என்றால் ஆங்கிலத்தில் 'ஃபால்' என்ற வினையின் இறந்தகாலமான 'ஃபெல்'. ஆள் வைத்து மரத்தைச் சாய்த்தார்கள் என்றால் வினையே 'ஃபெல்', அதன் இறந்தகாலம் 'ஃபெல்ட்' (felled). தன்வினையின் இறந்தகாலம் அப்படியே பிறவினையின் நிகழ்காலமாக வந்து நிற்கிறது, பாருங்கள். 'லை', 'லே' கதையும் அச்சு அசல் இதேதான். தோட்ட ஆபீஸில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்த என் தந்தையார் மறுநடவுக் கணக்கில் இத்தனை ஏக்கர் 'ஃபெல்ட்' என்றுதான் எழுதுவார். 'ஃபெல்' என்று எழுதியிருந்தால் மரங்கள் தாமாகவே விழுந்துவிட்டன என்று துரை நினைத்திருப்பார்! தமிழில் சாய்ந்தது, சாய்த்தது என்று ஒரு மெய்யெழுத்து மாறுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

இதற்கு இவ்வளவு அலட்டல் தேவையா, வெள்ளைக்காரர்களே 'லே டவுன்' என்றுதானே பேசுகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். படுப்பதற்கு 'லே' சொல்லும் வழக்கம் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது என்று அமெரிக்க மெரியம்-வெப்ஸ்டர் அகராதியே குறித்திருக்கிறது. 1770 வாக்கில்தான் அதைத் தவறு என்று சொல்லத் தொடங்கினார்களாம். பேச்சில் யார் எப்படிச் சொன்னாலும் எனக்குச் சண்டையில்லை. விடைத்தாள் திருத்துகிறவர் அகராதியின் அடிக்குறிப்பைப் பார்த்துக்கொண்டு மதிப்பெண் போடுவதில்லை. மேலும், 'லே' என்பதற்கு அகராதி தரும் அந்தச் சலுகை உங்கள் 'லைட்'டுக்குக் கிடையாது.

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், ஆங்கிலத்தில் கதை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகளில் பலர் சாலை விபத்தைத்தான் எழுதுகிறார்கள். மழை பெய்யும், லாரி வரும், மோட்டார் சைக்கிள் சறுக்கும். அடுத்த வரியில் யாராவது ரத்த வெள்ளத்தில் கிடந்தே ஆக வேண்டும். சரியாக அந்த இடத்தில் பேனா நிற்கும். நன்றாக எழுதிக்கொண்டு வந்த பிள்ளை 'லெய்ட்' என்று எழுதி அடிக்கும், 'லைட்' என்று எழுதி அடிக்கும், கடைசியில் அடிபட்டவனை உட்கார வைத்துவிடும். அப்படி உட்கார்ந்த ஆட்கள் பலரை நான் திருத்தியிருக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. திருத்தத்தை உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் போடாதீர்கள். அதே மாணவர் பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில், பழைய தாளின் மேல் ஒட்டிக்கொள்ளத் தோதாகப் போடுங்கள். லேமினேட் போட்டவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை, அவளிடம் நானே பேசிக்கொள்கிறேன். அடுத்து, இதைத் தொடராக வெளியிடும் எண்ணம் இருந்தால் அகர வரிசையை விட்டுவிட்டு இணை இணையாகப் போடுங்கள். 'ரைஸ் – ரோஸ் – ரிஸன்' பக்கத்தில் 'ரெய்ஸ் – ரெய்ஸ்ட்', நம் எழு, எழுப்பு போல. 'சிட் – சாட்' பக்கத்தில் 'செட்'. 'ஃபால் – ஃபெல்' பக்கத்தில் 'ஃபெல் – ஃபெல்ட்'. எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேரா